கடல் இல்லாத ஊர்



எங்கள் தோட்டத்தை அடுத்த செம்பனை ஆலையின் வாயிலில் காவல் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நேப்பாளத்துக்காரர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் நல்ல சிநேகிதர். சென்ற ஆண்டு தம் வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி நிறையத் துணிமணிகளும் பாத்திரங்களும் கப்பலில் அனுப்பி வைத்தார். அது எப்போது போய்ச் சேரும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் நாட்டுக்குக் கப்பல் வராது. கல்கத்தாவில் இறக்கி, எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் மலை ஏற வேண்டும்" என்று அவர் சொன்னாராம். மறுநாள் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கடலே இல்லாமல் ஒரு நாடு எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்டாள்.

நான் நேப்பாளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நம் கோலாலம்பூரின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இன்று நாட்டின் தலைநகராக விளங்கும் கோலாலம்பூரும் கடலைக் காணாத ஊர்தான். 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்கா வணிகர்களிடம் பணம் திரட்டி, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் தேட அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் வரைதான் படகு போயிற்று. அதற்கு மேல் ஆழம் போதாது. ஆகவே அங்கே கரையேறிக் காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் குழி தோண்டினார்கள். முதல் ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மடிந்தனர். பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், ஈயமும் கிடைத்தது. படகு நின்ற அந்தச் சேற்றுக் கரையில் கடைகள் எழுந்தன. கோலா என்றால் ஆறுகள் கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் நிற்கிறதே, அந்த இடத்தைத்தான் சொல்லுகிறேன்.

ஆக, அந்த ஊர் பிறந்ததே படகு நின்ற இடத்தில். அதன் ஈயம் அத்தனையும் ஆற்றில் இறங்கிக் கிள்ளானைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அரிசி, எண்ணெய், உப்பு, இரும்புச் சாமான் எல்லாம் அதே ஆற்றில்தான் ஏறி வர வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையில்தான் உள்நாட்டின் சோறு. ஈயத்தை அக்காலத்தில் 'பஹாரா' என்ற அளவால் கணக்கிட்டார்கள். மூன்று பிக்கல் கொண்டது ஒரு பஹாரா. நம்முடைய 'பாரம்' என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. பஹாராவுக்கு இவ்வளவு என்று முகத்துவாரத்தில் வரி வாங்கினார்கள்.

இந்த வரி யாருக்கு என்பதே சண்டைக்கு வித்திட்டது. 1867இல் ராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றினார். சிலாங்கூர் சுல்தானின் மருமகனான தெங்கு கூடின் எதிர்த்து நின்று, 1870இல் கிள்ளானை மீட்டார். சண்டை அதோடு முடியவில்லை. ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிற்று. கோலாலம்பூரில் சீனர் தலைவராக இருந்த காப்பித்தான் யாப் ஆ லோய் தெங்கு கூடினின் பக்கம் நின்றார். 1872இல் ஊர் எரிந்தது. 1873இல் பகாங் படையின் துணையோடு மீண்டும் கைக்கு வந்தது. சுரங்கங்களில் நீர் நிறைந்துவிட்டிருந்தது. ஈயம் மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் தோண்டுவதற்கு ஆளில்லை, ஆளுக்குச் சோறில்லை. வரலாற்றுப் புத்தகங்கள் இதை அரச குடும்பத்தாரின் பதவிப் போர் என்று எழுதுகின்றன. அது தவறில்லை. ஆயினும் போரின் வேர் ஓர் ஆற்று வாசலின் சுங்கத்தில் இருந்தது என்பது என் எண்ணம்.

1874க்குப் பிறகு ஆங்கிலேய ஆலோசகர் வந்து அமர்ந்தார். வரி ஒழிந்துவிடவில்லை. ஆனால் முகத்துவாரத்துக்கும் உள்நாட்டுக்கும் ஒரே கல்லாவாயிற்று. 1880இல் மாநிலத் தலைநகரையே கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள்.

ஆனாலும் வழி பழைய வழிதானே? ஆறு வளைந்து வளைந்து ஓடியது. விழுந்த மரங்கள் தடுத்தன. கோடையில் மணல் தட்டியது. கிள்ளானிலிருந்து டாமன்சாரா படகுத்துறை வரை வந்து, அங்கிருந்து சடக்கு வழியே போகலாம் என்று யாப் ஆ லோய் காலத்திலேயே ஒரு பாதை போடத் தொடங்கினார்கள். மழை பெய்தால் அது சேறு. மாட்டு வண்டி அச்சு வரை புதையும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஈயம் கழுவிய மண்ணெல்லாம் ஆற்றில்தான் போய் விழுந்தது. எந்த ஆறு ஈயத்தைச் சுமந்ததோ அந்த ஆற்றின் வயிற்றை ஈயக் கழிவே தூர்த்தது. 1926இலும் 1971இலும் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளங்களுக்கு இப்படிச் சேர்ந்த வண்டலும் ஒரு காரணம். பிழைப்புக்கு ஒரே வழியை வைத்துக்கொண்டு அதைத் தாமே கெடுத்துக்கொள்வது மனிதருக்குப் புதிதல்ல போலும்.

இந்த நிலையில்தான் இரயில் வந்தது. நாட்டின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 8 மைலுக்குப் போடப்பட்டது. அதுவும் உள்நாட்டு ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான். அடுத்த ஆண்டு, 1886இல், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சுமார் 19 மைல் பாதை திறக்கப்பட்டது. புக்கிட் கூடா கிள்ளானுக்குச் சற்று மேலே, ஆற்றின் அக்கரையில் உள்ள இடம். ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாததால் நான்கு ஆண்டுகள் அங்கேயே இரயில் நின்றது. 1890இல் கன்னாட் பாலம் கட்டி முடிந்த பிறகே வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. பல நாள் படகுப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். இந்த ஒரு மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மண் வெட்டியவர் யார், கட்டை சுமந்தவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பிங் பாதைக்கு இலங்கையிலிருந்து வேலைப் படையினர் வந்தார்கள். பின்னர் தமிழகத்திலிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். தண்டவாளத்தைச் செப்பனிடுவதும், கரி அள்ளிப் போடுவதும், கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. நிலைய அதிபர், எழுத்தர் பதவிகளில் யாழ்ப்பாணத்தார் நிறைய அமர்ந்தனர். செந்தூலில் 1905இல் இரயில் பட்டறை ஏற்பட்டதும் அந்தப் பகுதியே ஒரு தமிழ்க் குடியிருப்பாயிற்று.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கும் இதில் பங்குண்டு. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் ஊரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கலும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஆலோசகர் பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கற்களைச் சுட்ட காளவாய்கள் இருந்த நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். இரயில் வந்ததும் அங்கே இரயில்வே ஊழியர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று பெயர்பெற்ற அந்தப் பழைய வீடுகளை அண்மைக் காலத்தில்தான் இடித்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். இந்த நிகழ்ச்சியைக் கேட்போரிலும் சிலர் இருக்கக்கூடும்.

கிள்ளான் நகரம் ஆற்றங்கரையில் இருந்தது. பெரிய கப்பல்கள் அதுவரை வர இயலாது. எனவே முகத்துவாரத்திலேயே புதிய துறைமுகம் கட்டி, இரயிலை அதுவரை நீட்டினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் மூட வேண்டியதாயிற்று! காரணம் மலேரியா. சதுப்பு நிலத்தைக் கொத்திய கூலிகள், துறைமுக ஊழியர்கள், காவலர்கள் எல்லாரும் படுத்துவிட்டார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அந்த அறிவைத் துணிந்து பயன்படுத்தினார். காட்டை வெட்டி, குட்டைகளைத் தூர்த்து, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் நிலைத்தது. தோட்டங்களிலும் அவர் பின்னர் இதே வேலையைச் செய்தார். 1857இல் 69 உயிரைக் கொண்டுபோன நோய்க்கு 44 ஆண்டுகள் கழித்து அதே ஆற்றின் மறுமுனையில் பதில் கிடைத்தது என்று சொல்லலாம்.

அந்தத் துறைமுகம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம். நம் பாட்டனார் பலர் ரஜூலாவில் வந்து இறங்கியதும் அங்கேதான். நாகப்பட்டினத்தில் ஏறியவர் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, இரயிலேறித் தோட்டத்துக்குப் போனார். ஈயத்துக்காகப் போட்ட பாதையின் இருபுறமும்தான் முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் நடப்பட்டன. ஏனென்றால் பாதை இல்லாத இடத்தில் ரப்பர் நட்டு என்ன பயன்? பால் எடுப்பது எளிது; அதை விற்கும் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதுதான் கடினம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நெருங்கி அமைந்ததற்கு மண் வளத்தோடு இந்தத் தண்டவாளமும் காரணம்.

பாதை போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. கெமாசிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை போன கிழக்குப் பாதை 1931இல்தான் முடிந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942-43இல், அதன் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்துச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தச் சயாம் மரண இரயிலைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: பெயர்த்த பாதையை மீண்டும் போட்டு முடிக்க 1950களாயிற்று. அதுவரை பகாங், கிளந்தான் உட்பகுதி மக்கள் பழையபடி ஆற்றையும் காட்டுப் பாதையையும் நம்பி வாழ்ந்தார்கள்.

நேயர்களே, கோலாலம்பூருக்கு ஒரு பாக்கியம் இருந்தது. முகத்துவாரமும் உள்ளூரும் ஒரே அரசின் கீழ் வந்தன. நேப்பாளத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் முகத்துவாரம் வேறொரு நாட்டில் இருக்கிறது. இப்படி நாற்புறமும் நிலம் சூழ்ந்த வளரும் நாடுகள் உலகில் 32 உள்ளன என்று ஐக்கிய நாட்டுச் சபை கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் பாதி ஆப்பிரிக்காவில் உள்ளன.

நம்மைப் போலவே ஈயம் தோண்டிய பொலிவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஈய உற்பத்தியில் மலாயாவுக்குப் போட்டியாக நின்ற நாடு அது. அதற்குக் கடற்கரையும் இருந்தது. 1879இல் தொடங்கிய போரில் சிலி நாட்டிடம் அதை இழந்தது. 1904இல் உடன்படிக்கை செய்துகொண்டு, சிலியே ஒரு இரயில் பாதை போட்டுத் தந்து, 1913இல் அது ஓடத் தொடங்கியது. இன்றும் பொலிவியாவுக்குக் கடற்படை இருக்கிறது. அது மலைமேல் உள்ள தித்திகாக்கா ஏரியில் பயிற்சி செய்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆப்பிரிக்காவின் சாம்பியாவுக்குச் செம்புதான் சொத்து. அண்டை நாடான ரொடீசியாவின் வழியே அது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த வெள்ளையர் அரசோடு பகை மூண்டு 1973இல் எல்லை மூடப்பட்டது. சாம்பியா திகைத்துவிடவில்லை. சீனாவின் கடனுதவியோடு தான்சானியாவின் டாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீட்டர் இரயில் பாதையை 1970லேயே போடத் தொடங்கியிருந்தது. 1975இல் முடித்தும் விட்டது. ஒரே வாசலை நம்பியிருந்தவர்கள் இரண்டாவது வாசல் திறந்த கதை அது.

நேப்பாளத்தின் பாடு இன்னும் அண்மையது. 2015 ஏப்ரலில் பெரும் நிலநடுக்கம். செப்டம்பரில் புதிய அரசமைப்புச் சட்டத்தை எதிர்த்து எல்லைப்புற மக்கள் கிளர்ச்சி. இந்தியாவிலிருந்து வரும் லாரிகள் எல்லையில் நின்றுவிட்டன. இந்தியாதான் தடுத்தது என்றது நேப்பாளம். கிளர்ச்சியே காரணம் என்றது இந்தியா. யார் சொன்னது சரியென்றாலும், குளிர்காலத்தில் வீடிழந்து கூடாரத்தில் கிடந்தவர்களுக்குச் சமையல் எரிவாயு இல்லை, மருந்து கிட்டவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதம் இப்படிக் கழிந்தது. நம் ஆலைக் காவலர் அந்த ஆண்டில் பள்ளி மாணவர். விறகு பொறுக்கப் போனதாக அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்.

கடலுக்கு வழி கேட்பது பிச்சையல்ல, உரிமை என்று 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட ஒப்பந்தம் கூறுகிறது. ஆனால் அந்த உரிமையை எப்படிச் செலுத்துவது என்பதை வழி தரும் நாட்டோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்காகவே 2003இல் அல்மாட்டியிலும், 2014இல் வியன்னாவிலும், 2025இல் துர்க்மெனிஸ்தானின் அவாசா நகரிலும் உலக நாடுகள் கூடின. மாநாடு கூடுவது நல்லதுதான். லாரி எல்லையில் எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை இடத்தில் முத்திரை குத்துகிறார்கள் என்பதில்தான் அதன் பலன் தெரியும்.

நமக்கு அருகில் உள்ள லாவோசையும் சொல்லிவிடுகிறேன். மேகோங் ஆற்றின் மேல் 1994இல் தாய்லாந்தோடு பாலம் வந்தது. 2009இல் அந்தப் பாலத்தின் வழியே இரயில் சற்றுத் தூரம் உள்ளே நுழைந்தது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து தலைநகர் வியன்டியான் வரை புதிய இரயில் ஓடியது. இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன ஒரு மீட்டர் வருகிறது. நம் பாதையும் தாய்லாந்துப் பாதையும் ஒரு மீட்டர் அகலம். ஆகையால்தான் 1918இல் பாடாங் பெசாரில் இரண்டும் இணைய முடிந்தது. சீனப் பாதையோ 1,435 மில்லிமீட்டர். அகலம் மாறும் இடத்தில் பெட்டியைத் தூக்கி மறு வண்டியில் வைக்க வேண்டும். அப்படி மாற்றி வைத்தே 2024இல் சிலாங்கூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவின் சோங்சிங் வரை சரக்கு இரயில் புறப்பட்டது. யாருடைய வாசலிலோ காத்துக் கிடந்த லாவோஸ் இன்று பிறர் போகும் வழியில் தானே ஒரு வாசலாகிவிட்டது. அந்த வழிக்காக அது பட்டிருக்கும் கடன் சிறிதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. லாரிகளை நம்பியிருப்பதைவிட இரயில் நல்லது என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். அதே பாரத்தை இழுக்க இரயிலுக்கு எண்ணெய் குறைவாகத்தான் தேவைப்படுகிறது; புகையும் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனத்தில் வேறொன்று உறுத்துகிறது. நான் முதன்முதலில் வேலைக்குப் போன தோட்டத்தில் லயத்திலிருந்து பேருந்து நிற்கும் சந்திக்கு நான்கு மைல். செம்மண் சடக்கு. அது தோட்டத்துக்குச் சொந்தமான வழி என்பதால் வெளிப் பேருந்து உள்ளே வராது. ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் இருவர். இருட்டோடு எழுந்து தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் போனார்கள். மழைக்காலத்தில் அதுவும் நின்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் ஒரு வேனை உள்ளே விட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினோம். அனுமதி வந்தது, ஆனால் ஒன்பது மாதம் கழித்து வந்தது. ஒருத்தி அதற்குள் தாயாரோடு வெளிக்காட்டு வேலைக்குப் போய்விட்டாள். மற்றவள் அந்த வேனில் ஏறிப் படித்து, இன்று கிள்ளானில் தாதியாக இருக்கிறாள். இருவரும் படிப்பில் சமம். மதிப்பெண் போட்டவன் நான், அதனால் எனக்குத் தெரியும்.

கேள்வி கேட்ட மாணவியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து வழியை வரையச் சொன்னேன். ஆலை வாயிலில் தொடங்கிச் சந்தி, கிள்ளான், துறைமுகம், பிறகு நீலமாகக் கடல், கல்கத்தா, எல்லையில் பீர்கஞ்ச், அதற்கப்பால் மலை. எந்த எந்த இடத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கதவு போட்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், ஏழு கதவு. முதல் கதவு எங்கள் தோட்டத்து வாயில்.

அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டதாம். பதினோரு வாரம் ஆயிற்று என்று காவலர் சொன்னார். பாத்திரங்களில் ஒன்றுக்கு மட்டும் மூடியைக் காணோமாம்.